வணிகப் பள்ளி மேடையில் கொடுத்த வாக்கு

1997ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு. பேசியவர் அரசியல்வாதி அல்லர். சுற்றுச்சூழல் இயக்கத்தைச் சேர்ந்தவரும் அல்லர். உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றான பிபியின் தலைமை நிர்வாக அதிகாரி ஜான் பிரவுன். அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் முன்பு படித்தவர்.

அன்று அவர் சொன்னதன் சாரம் இதுதான். மனிதர்கள் எரிக்கும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் பூமி சூடாவதற்கும் உள்ள தொடர்பு முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திருக்க முடியாது. அப்படியொரு தொடர்பு இருக்கக்கூடும் என்பதை ஒதுக்கித் தள்ள முடியாத நிலை வந்து, சமுதாயமும் அதைப் பொருட்படுத்தத் தொடங்கிவிட்டால், அப்போதே செயலில் இறங்க வேண்டும். பிபி நிறுவனம் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

இதில் என்ன புதுமை என்று இன்றைய இளையர்களுக்குத் தோன்றலாம். எந்த எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் இதைவிடப் பெரிய வாசகங்கள் இப்போது கிடைக்கும். ஆனால், பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றின் தலைவர் பொதுமேடையில் இப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. எண்ணெய்த் துறைக்குள் இருந்தவர்கள் அதைத் திருச்சபையை விட்டு ஒருவர் வெளியேறியதற்கு ஒப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு எரிசக்தி, வர்த்தகம், பருவநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசும் கருத்தரங்குகள் வணிகப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டன. மேடைகள் பெருகின, வாக்குறுதிகளும் பெருகின. அவற்றில் எவை நின்றன, எவை காற்றோடு போயின? ஒரே நிறுவனத்தின் கதையைத் தொடர்ந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பிபியின் தலைவர்கள் அடுத்தடுத்து வணிகப் பள்ளி மேடைகளில் ஏறி நின்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கைச் சொன்னார்கள்.

கூட்டணியை விட்டு விலகல்

பிபி என்ற பெயர் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பச்சையும் மஞ்சளுமான அதன் பெட்ரோல் நிலையங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் இருந்தன. 2004ஆம் ஆண்டில் அவை கைமாறின. மலேசியாவில் இருந்தவை பிறகு பிஎச் பெட்ரோல் என்ற பெயருக்கும், சிங்கப்பூரில் இருந்தவை எஸ்பிசி என்ற பெயருக்கும் மாறின.

நிறுவனத்தின் வேர் வெகு தொலைவில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டு பாரசீகத்தில் மஸ்ஜித் சுலைமான் என்னும் இடத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆங்கிலோ பெர்சியன் எண்ணெய் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1954ஆம் ஆண்டில் அது பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது.

ஜான் பிரவுன் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1966ஆம் ஆண்டில் பயிற்சியாளராக இந்த நிறுவனத்தில் சேர்ந்தவர். அவருடைய தந்தையும் இதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான். படிப்படியாக உயர்ந்து 1995ஆம் ஆண்டில் பிரவுன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அதே 1995ஆம் ஆண்டில்தான், ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் பருவநிலை அறிவியலாளர் குழு தன் இரண்டாவது மதிப்பீட்டை முடித்தது. உலகின் பருவநிலையில் மனிதர்களின் தாக்கம் தென்படுகிறது என்று அது கூறியது.

எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் பலவும் இந்தக் கருத்தை எதிர்ப்பதற்கென்றே 1989ஆம் ஆண்டிலிருந்து ஒரு கூட்டணியை நடத்தி வந்தன. உலகப் பருவநிலைக் கூட்டணி என்பது அதன் பெயர். பிபியும் அதில் அங்கம் வகித்தது. 1996ஆம் ஆண்டில் அதிலிருந்து விலகியது. ஸ்டான்ஃபர்ட் பேச்சு அந்த விலகலுக்கு அடுத்த படி.

அந்தப் பேச்சுக்குத் துணிச்சல் தேவைப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாதம் கழித்து, 1997 ஜூலையில், அமெரிக்க செனட் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்காத, அமெரிக்கப் பொருளாதாரத்தைப் பாதிக்கும் எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக்கூடாது என்பது அந்தத் தீர்மானம். 95 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் பெய்ஜிங்கில் உலகப் பெட்ரோலிய மாநாடு நடந்தது. எக்சான் நிறுவனத்தின் தலைவர் லீ ரேமண்ட் அங்கே பேசினார். பூமி 20 ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் குளிர்ந்துதான் இருக்கிறது என்பது அவருடைய வாதம். எரிபொருள் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் திட்டங்கள் ஆசிய நாடுகளின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும் என்றும் எச்சரித்தார். ஒரே தொழிலில் இருந்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒரே ஆண்டில், நேர்மாறான இரண்டு பேச்சுகளைப் பேசினார்கள்.

மேடையில் வைத்த எண்கள்

பிரவுனின் பேச்சில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி உண்டு. தன் நிறுவனத்தால் எவ்வளவு கரிமம் காற்றில் கலக்கிறது என்பதை அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது ஆகிய வேலைகளால் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லியன் டன் கரிமம் வெளியாகிறது. இரசாயனத் தொழிற்சாலைகளால் இன்னும் 1 மில்லியன் டன். ஆகமொத்தம் 9. ஆனால் பிபி விற்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் வாங்குபவர்கள் எரிக்கும்போது வெளியாகும் கரிமத்தையும் சேர்த்தால் அந்த எண் ஏறக்குறைய 95 மில்லியன் டன்னுக்குத் தாவுகிறது. மனித நடவடிக்கைகளால் உலகெங்கும் வெளியாகும் மொத்தக் கரிமத்தில் அது ஒரு விழுக்காடு.

9 எங்கே, 95 எங்கே? ஒரு நிறுவனம் தன் வேலியின் உள்ளே வெளியிடுவது பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கு வாடிக்கையாளரின் கார் குழாயிலும், விமானத்தின் இயந்திரத்திலும், மின்நிலையத்தின் புகைபோக்கியிலும் வெளியேறுகிறது. இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து வந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுக் கதையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது.

பிரவுன் அன்று ஐந்து வேலைகளைச் செய்வதாகச் சொன்னார். நிறுவனத்தின் சொந்த வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது, அறிவியல் ஆய்வுக்கு நிதி கொடுப்பது, மற்ற நாடுகளோடு சேர்ந்து வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டங்களில் பங்கெடுப்பது, மாற்று எரிபொருளை வளர்ப்பது, பொதுக் கொள்கை விவாதத்தில் கலந்துகொள்வது. சூரியசக்தி விற்பனையைப் பத்து ஆண்டுகளில் 1 பில்லியன் டாலருக்குக் கொண்டுபோவதாகவும் கூறினார்.

நல்ல பட்டியல்தான். ஆனால், முதல் வேலைக்கு அன்று அவர் ஒரு தேதியையோ ஓர் அளவையோ சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னொரு வணிகப் பள்ளி மேடை தேவைப்பட்டது.

பத்து விழுக்காடு

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இம்முறை அமெரிக்காவின் மறு கோடியில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் பள்ளி. அங்கே பிரவுன் தெளிவாக ஒரு வாக்குக் கொடுத்தார். நிறுவனத்தின் சொந்த வேலைகளால் வெளியாகும் வெப்பவாயுக்களை 2010ஆம் ஆண்டுக்குள் 1990ஆம் ஆண்டு அளவைவிட 10 விழுக்காடு குறைக்கப் போவதாக அறிவித்தார்.

கியோட்டோ உடன்பாடு கையெழுத்தாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த உடன்பாட்டில் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்ட சராசரிக் குறைப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு. ஒரு நிறுவனம் அதைப்போல் இருமடங்கு குறைப்பதாகச் சொன்னது.

எப்படிச் செய்வது? இங்கேதான் அந்த நிறுவனம் செய்த உருப்படியான காரியம் வருகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற தொண்டு அமைப்பின் ஆலோசனையோடு, நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சந்தை உருவாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் சில பிரிவுகளில் மட்டும் சோதனை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிறுவனம் முழுவதும் நடைமுறை.

அந்தச் சந்தை இயங்கிய விதம் எளிமையானது. ஒவ்வொரு பிரிவுக்கும் இவ்வளவுதான் வெளியிடலாம் என்று ஓர் அளவு தரப்படும். ஓர் எண்ணெய் வயலில் குழாய்க் கசிவை அடைப்பது மலிவான வேலை என்றால், அந்தப் பிரிவு அளவைவிட அதிகமாகக் குறைத்து, மிச்சத்தை விற்கலாம். ஒரு பழைய சுத்திகரிப்பு ஆலையில் அதே அளவைக் குறைக்கப் பெரும் செலவாகும் என்றால், அது அந்த மிச்சத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மொத்தக் கணக்கு குறைய வேண்டும்; எங்கே குறைந்தாலும் சரி.

2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2.7 மில்லியன் டன் இப்படிக் கைமாறியது. சராசரி விலை டன்னுக்கு 7 டாலருக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு அளவு இறுகியதும் விலை 40 டாலரை நெருங்கியது. காற்றில் வீணாகப் போய்க்கொண்டிருந்த வாயுவுக்கு முதன்முறையாக ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது.

இன்னொன்றையும் நிறுவனம் செய்தது. ஒவ்வொரு பிரிவுத் தலைவரின் ஆண்டுப் பணி ஒப்பந்தத்திலும் இந்த இலக்கு சேர்க்கப்பட்டது. உற்பத்திக்கும் இலாபத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியது போலவே, வெளியேற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

எட்டு ஆண்டு முன்னதாக

2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரவுன் மீண்டும் ஸ்டான்ஃபர்டுக்கு வந்தார். 2010க்குள் முடிப்பதாகச் சொன்ன வேலை 2001ஆம் ஆண்டு இறுதியிலேயே முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அமோகோ, ஆர்கோ ஆகிய இரண்டு அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களை இதற்கிடையில் பிபி சேர்த்துக்கொண்டிருந்தது. அவற்றையும் உட்படுத்தி, ஏறக்குறைய 90 மில்லியன் டன்னாக இருந்த வெப்பவாயு வெளியேற்றம் ஏறக்குறைய 80 மில்லியன் டன்னுக்கு இறங்கியிருந்தது.

செலவு? நிகரச் செலவே இல்லை என்றார் பிரவுன். பிற்பாடு நிறுவனம் தந்த கணக்கின்படி இந்த முயற்சியால் ஏறக்குறைய 650 மில்லியன் டாலர் மதிப்பு கிடைத்தது. காரணம் எளிது. எண்ணெய்க் கிணறுகளில் வேண்டாம் என்று எரித்துத் தள்ளிய எரிவாயு, கசிந்து போன மீத்தேன், தேவைக்கு மேல் எரிந்த எரிபொருள் எல்லாமே விற்றால் காசாகக்கூடிய சரக்கு. அதுவரை அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தொடங்கியதும் குறையத் தொடங்கியது.

இதன் தாக்கம் நிறுவனத்தோடு நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் பிபியின் பருவநிலை முயற்சி ஒரு பாடமாக எழுதப்பட்டது. பிரிட்டன் 2002ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலும் நாட்டளவில் கரிமச் சந்தையைத் தொடங்கின. அப்போது, இப்படி ஒரு முறை நடைமுறையில் வேலை செய்யும் என்பதற்குக் காட்ட முடிந்த உதாரணங்களில் பிபியும் ஒன்றாக இருந்தது.

ஆகவே, மேடைப் பேச்சு எல்லாமே வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அளவு சொன்னார்கள், தேதி சொன்னார்கள், ஆளுக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். வாக்கு நின்றது.

ஆனால், அந்த வாக்கு எந்த எண்ணைப் பற்றியது? 9ஐப் பற்றியது. 95ஐப் பற்றியது அல்ல.

சூரியச் சின்னம்

2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிறுவனம் தன் பழைய கேடயச் சின்னத்தைக் கழற்றி வைத்தது. பச்சை, மஞ்சள், வெள்ளை நிறங்களில் சூரியகாந்திப் பூப்போன்ற புதிய சின்னம் வந்தது. கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயரால் அது ஹீலியோஸ் என்று அழைக்கப்பட்டது. பிபி என்ற இரண்டு எழுத்துகளுக்கும் புதிய விளக்கம் தரப்பட்டது: பெட்ரோலியத்துக்கு அப்பால்.

பெயர் அப்பால் போனது. பணம் எங்கே போனது? 1999ஆம் ஆண்டில் சோலரெக்ஸ் என்ற சூரியத்தகடு நிறுவனத்தை முழுமையாகத் தன்வசமாக்க பிபி கொடுத்தது 45 மில்லியன் டாலர். அதே ஆண்டில் ஆர்கோ எண்ணெய் நிறுவனத்தை வாங்க ஒப்புக்கொண்ட விலை ஏறக்குறைய 27 பில்லியன் டாலர். ஒன்றுக்கு அறுநூறு என்ற விகிதம். சுற்றுச்சூழல் இயக்கங்கள் இந்த ஒப்பீட்டை விடாமல் சொல்லிக் காட்டின.

பிறகு 2005ஆம் ஆண்டு நவம்பரில் மாற்று எரிசக்திக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் 8 பில்லியன் டாலர் முதலீடு செய்வதாக அறிவிப்பு வந்தது. நியாயமாகச் சொன்னால் அந்தத் தொகையைச் செலவிட்டுவிட்டதாக நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆனால் அதற்குள், 1980களிலிருந்து நடத்திவந்த சூரியசக்தித் தொழிலை 2011 டிசம்பரில் மூடிவிட முடிவெடுத்திருந்தது. சீனாவிலிருந்து வந்த மலிவான தகடுகளோடு போட்டியிட முடியவில்லை.

கவனிக்காமல் விட்ட குழாய்கள்

வெளியேற்றக் கணக்கை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த நிறுவனம் வேறு சிலவற்றை அதே கண்ணால் பார்க்கவில்லை.

2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பிபியின் சுத்திகரிப்பு ஆலையில் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 15 தொழிலாளர்கள் மாண்டார்கள். 170க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விசாரணை நடத்திய அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம், பல ஆண்டுகளாகச் செய்த செலவுக் குறைப்பும் பாதுகாப்பில் காட்டிய அலட்சியமும் காரணங்கள் என்று கூறியது.

2006ஆம் ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவின் புரூடோ பே எண்ணெய் வயலில் துருப்பிடித்த குழாய் ஒன்று ஓட்டை விழுந்து, 200,000 கேலனுக்கும் மேற்பட்ட எண்ணெய் பனிநிலத்தில் கொட்டியது. சின்னத்தில் சூரியகாந்தி, குழாயில் துரு. நம் பெரியவர்கள் சொல்வதுபோல் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

2007ஆம் ஆண்டு மே மாதம் ஜான் பிரவுன் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் டோனி ஹேவர்ட்.

அதே பள்ளி, வேறு பேச்சு

2009ஆம் ஆண்டு மே மாதம் ஹேவர்டும் ஸ்டான்ஃபர்ட் வணிகப் பள்ளிக்கு வந்து மாணவர்களிடம் பேசினார். பிரவுன் பேசி ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகைக் காப்பாற்ற வேலை செய்பவர்கள் நிறுவனத்தில் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்றார் ஹேவர்ட். பங்குதாரர்களுக்கு மதிப்பைத் தேடித் தருவதே நிறுவனத்தின் முதல் நோக்கம். அது மறந்துபோயிருந்தது என்பது அவருடைய கருத்து. அதைச் செய்வதற்கு உலகைப் பேணவும் வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். என்றாலும் காற்று எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பது கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஓராண்டுகூட முடியவில்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்துத் தீப்பற்றியது. 11 பேர் உயிரிழந்தார்கள். ஜூலை 15ஆம் தேதி மூடப்படும்வரை 87 நாட்கள் கடலில் எண்ணெய் பீறிட்டது. மீனவர்களின் வாழ்க்கை நிலைகுலைந்தது. அபராதம், இழப்பீடு, துப்புரவு என்று நிறுவனம் கொடுக்க நேர்ந்த தொகை 65 பில்லியன் டாலரைத் தாண்டியது. பத்து ஆண்டுகளில் மாற்று எரிசக்திக்கு ஒதுக்கியதைப்போல் எட்டு மடங்கு.

பங்குதாரர்களின் மதிப்பு மட்டுமே முக்கியம் என்று நினைத்தவர்களுக்கும் அந்தக் கணக்கு கசந்தது. செலவில் சேர்க்காமல் விட்டது ஒருநாள் கடனாக வந்து வாசலில் நிற்கும்.

மீண்டும் ஒரு வாக்கு

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்னார்ட் லூனி தலைமைப் பொறுப்பேற்றார். அந்த மாதமே புதிய வாக்கு வந்தது. 2050ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியேற்றம் இல்லாத நிலையை எட்டுவது என்றார். இதில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. நிறுவனம் தோண்டி எடுக்கும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் வரும் கரிமமும் இம்முறை கணக்கில் சேர்ந்தது. அதாவது, 1997ஆம் ஆண்டில் பிரவுன் மேடையில் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவைத்த பெரிய எண்ணின் பக்கம் நிறுவனம் முதன்முறையாகக் கைநீட்டியது.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் இன்னும் தெளிவாக ஓர் இலக்கு வந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்பது. எண்ணெய் நிறுவனம் ஒன்று தன் எண்ணெயையே குறைத்துக்கொள்வதாகச் சொன்னது.

அந்த இலக்கு நீண்டநாள் நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டில் யுக்ரேன் போரால் எண்ணெய், எரிவாயு விலைகள் எகிறின. அந்த ஆண்டு பிபியின் இலாபம் ஏறக்குறைய 28 பில்லியன் டாலர். அதன் வரலாற்றிலேயே அதிகம். 2023 பிப்ரவரியில் 40 விழுக்காடு 25 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லூனி பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் அவருக்கு அடுத்து வந்த மரே ஆக்கின்குளோஸ் அந்த இலக்கையே கைவிட்டார். எண்ணெய், எரிவாயு முதலீடு ஆண்டுக்கு 10 பில்லியன் டாலராக உயர்த்தப்பட்டது. மாற்று எரிசக்திக்கான முதலீட்டில் ஆண்டுக்கு 5 பில்லியன் டாலருக்கும் மேல் வெட்டு விழுந்தது.

ஒருவரைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் இதில் தனி மனிதர்களின் குணத்தைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. 9ஐக் குறைப்பது நிறுவனத்துக்கு இலாபம். கசிவை அடைத்தால் காசு மிச்சம். 95ஐக் குறைப்பது என்றால் விற்கும் சரக்கையே குறைக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறும்போது அந்த முடிவில் உறுதியாக நிற்பது எந்தத் தலைமை நிர்வாக அதிகாரிக்கும் கடினம். அவர் நின்றாலும் பங்குதாரர்கள் விடமாட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தக் கதை எங்கோ அமெரிக்காவிலும் லண்டனிலும் நடந்தது. நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. வணிகம் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை நிறுவனங்களில் அமரப் போகிறார்கள். கருத்தரங்குகளில் பேச்சுகளைக் கேட்கவும், ஒருநாள் அதே மேடையில் ஏறிப் பேசவும் போகிறார்கள்.

அப்படிப்பட்ட எந்தப் பேச்சைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, எதை அளக்கிறார்கள்? வேலிக்கு உள்ளே உள்ளதை மட்டுமா, விற்ற சரக்கால் வருவதையும் சேர்த்தா? இரண்டாவது, யார் பதில் சொல்ல வேண்டும்? இலக்கு ஒரு மேலாளரின் பணி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, விளம்பரப் பலகையில் மட்டும் இருக்கிறதா? மூன்றாவது, தலைவர் மாறினாலும் விலை ஏறினாலும் அந்த வாக்கு நிற்குமா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு நிறுவனம் தனியாக விடை தர முடியாது என்பதுதான் பிபியின் வரலாறு சொல்வது. அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டில், தென்கிழக்காசியாவிலேயே முதல் நாடாக, கரிம வரியைக் கொண்டு வந்தது. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் பெரிய ஆலைகளுக்கு அந்த வரி. டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளியானது. 2026இல் 45 வெள்ளி. மலேசியாவும் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி கொண்டுவரப்படும் என்று 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. பிபி தன் வீட்டுக்குள் தானே போட்டுக்கொண்ட விலைச்சீட்டு இரண்டு ஆண்டுகளில் முடிந்துபோனது. நாடு போடும் விலைச்சீட்டை ஒரு தலைமை நிர்வாக அதிகாரி நினைத்தால் கிழித்துவிட முடியாது.

அதற்காக மேடைகளை வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1997ஆம் ஆண்டில் ஒருவர் எழுந்து பேசியிருக்காவிட்டால் எண்ணெய்த் துறைக்குள் இந்தப் பேச்சு தொடங்கவே இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர் மறைக்காமல் இரண்டு எண்களையும் சொன்னார். சிறிய எண்ணைக் குறைத்துக் காட்டவும் செய்தார். கைதட்டலும் கிடைத்தது.

இனி நடக்கும் கருத்தரங்குகளில் கைதட்டல் ஓய்ந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, மீதி 86 எங்கே ஐயா என்று கேட்டால், அந்த மாணவர் தான் படித்த படிப்புக்கு நியாயம் செய்தவர் ஆவார்.